துப்பாக்கி அதேதான், சட்டம்தான் மாறுகிறது

ஊரிலிருந்து உறவினர் யார் வந்தாலும், வந்த மறுநாளே சாப்பாட்டு மேஜையில் அந்தக் கேள்வி வந்துவிடும்: "ஏம்ப்பா, வீட்ல துப்பாக்கி வெச்சிருக்கியாமே?" வைத்திருக்கிறேன். டெக்ஸஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகருக்கு வடக்கே குடியிருக்கிறேன். குடியுரிமை பெற்ற பிறகு வாங்கியவை: ஒரு .22 ரைஃபிள், ஒரு 12 கேஜ் ஷாட்கன், ஒரு 9 மி.மீ. கைத்துப்பாக்கி, ஏ.ஆர். வகையில் பத்தரை அங்குலக் குழல் கொண்ட கைத்துப்பாக்கி ஒன்று. நான்கும் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. வார இறுதிகளில் பக்கத்து ஷூட்டிங் ரேஞ்சில், சுட வருகிறவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் வேலையைச் சம்பளமில்லாமல் பார்க்கிறேன்.

அடுத்த கேள்வி, "லைசென்ஸ் இருக்கா?" நம் ஊர் வழக்கப்படி இது சரியான கேள்விதான். அங்கே கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ உரிமம் கொடுக்காமல் ஒரு துப்பாக்கியைத் தொட முடியாது. உரிமம் இருந்தாலும், தேர்தல் அறிவித்தால் பெரும்பாலும் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அமெரிக்க மத்திய அரசுச் சட்டத்தில், சாதாரணத் துப்பாக்கி ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்க உரிமமே கிடையாது. இல்லினாய், நியூ ஜெர்சி போன்ற சில மாநிலங்கள் தம் சொந்தச் சட்டத்தால் அட்டை கேட்கின்றன. டெக்ஸஸ் கேட்பதில்லை. மத்திய சட்டம் செய்வதெல்லாம் இதுதான்: யார் வைத்திருக்கக் கூடாது என்று சொல்கிறது, எந்த வகை ஆயுதத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்கிறது, கடைக்காரர் எப்படி விற்க வேண்டும் என்று சொல்கிறது.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இந்தச் சட்டத்தின் சொற்களுக்கு என்ன பொருள் என்பது கடந்த சில ஆண்டுகளில் மாறி மாறி வந்திருக்கிறது. நான் புதிதாக எதையும் வாங்காமலேயே, என் பெட்டியில் இருந்த ஒரு பொருள் ஒருநாள் வேறு வகை ஆயுதமாக அறிவிக்கப்பட்டது. பிறகு பழைய வகைக்கே திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் அதைப் பதிவு செய்யாமல் வைத்திருந்தால் பத்து ஆண்டு சிறை வரை போகக்கூடிய குற்றம். துப்பாக்கியை ஆதரிப்பவரோ வெறுப்பவரோ, யாராக இருந்தாலும் இப்படி ஒரு நிலை நல்லதல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

வேர் 1934-இல் இருக்கிறது. மதுவிலக்குக் காலத்துக் கும்பல்கள் சிகாகோ போன்ற நகரங்களில் இயந்திரத் துப்பாக்கியோடு மோதிக்கொண்ட காலம் அது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்த ஆயுதங்களை நேரடியாகத் தடை செய்யவில்லை. பதிவு கட்டாயம், கைமாறும்போது 200 டாலர் வரி என்று சட்டம் போட்டது. அன்று 200 டாலர் என்பது ஏறக்குறைய ஒரு டாம்சன் இயந்திரத் துப்பாக்கியின் விலை. யாரும் கட்ட மாட்டார்கள் என்பதுதான் நோக்கம். இயந்திரத் துப்பாக்கி, சைலன்சர், குட்டைக் குழல் ரைஃபிள், குட்டைக் குழல் ஷாட்கன் ஆகியவை இந்தப் பட்டியலில் வந்தன. இன்றைய அளவுப்படி ரைஃபிளின் குழல் 16 அங்குலத்துக்கும் ஷாட்கன்னின் குழல் 18 அங்குலத்துக்கும் குறைந்தால் அது 'குட்டை'. 16 அங்குலக் குழலுள்ள ரைஃபிளை எந்தக் கடையிலும் வாங்கலாம். அதே ரைஃபிளின் குழலைக் கால் அங்குலம் வெட்டிவிட்டால், பதிவில்லாத ஆயுதம் வைத்திருந்த குற்றவாளி ஆகிவிடுவீர்கள். இந்தக் கால் அங்குலத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1963-இல் அதிபர் கென்னடியைக் கொன்ற ரைஃபிள், பத்திரிகை விளம்பரம் பார்த்துப் பொய்ப் பெயரில் தபாலில் வரவழைக்கப்பட்டது. ஆனாலும் சட்டம் வர ஐந்து ஆண்டுகள் ஆயின. மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட 1968-இல்தான், தபால் விற்பனைக்கு முற்றுப்புள்ளி வைத்து, இன்னின்னார் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று விரிவான பட்டியல் போட்டார்கள். 1986-இல் வந்த சட்டம் இரு முகம் கொண்டது. சாதாரணத் துப்பாக்கிகளுக்கு மத்திய அரசு பதிவேடு வைக்கக் கூடாது என்றது. அந்த ஆண்டு மே 19-க்குப் பிறகு செய்யப்பட்ட இயந்திரத் துப்பாக்கி எதையும் பொதுமக்கள் வைத்திருக்கக் கூடாது என்றும் சொன்னது. 1993-இல் பிரேடி சட்டம் வந்தது. 1981-இல் அதிபர் ரீகனைக் குறிவைத்த தாக்குதலில் தலையில் குண்டடிபட்ட அவருடைய செய்திச் செயலர் ஜேம்ஸ் பிரேடியின் பெயர் அதற்கு. கடையில் வாங்குகிறவரின் பின்னணியைச் சோதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். எஃப்.பி.ஐ. நடத்தும் உடனடிச் சோதனை முறை 1998 நவம்பர் 30-இல் வேலை செய்யத் தொடங்கியது.

அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கடையின் கண்ணாடிப் பெட்டிக்கு மறுபுறம் நிற்கிறவர் உங்களிடம் 4473 என்ற எண்ணுள்ள படிவத்தைத் தருவார். பெயர், முகவரி, பிறந்த ஊர், உயரம், எடை. பிறகு ஆம், இல்லை என்று குறிக்க வேண்டிய கேள்விகள் வரிசையாக வரும். இந்தத் துப்பாக்கியை உண்மையில் வாங்குகிறவர் நீங்கள்தானா? ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றத்தில் தண்டனை பெற்றிருக்கிறீர்களா? மனைவியை, கணவரை அடித்ததற்காகத் தண்டிக்கப்பட்டது உண்டா? சட்டவிரோதப் போதைப்பொருள் பழக்கம் உண்டா? எந்த நாட்டுக் குடிமகன்? கையெழுத்துப் போட்டதும் கடைக்காரர் எஃப்.பி.ஐ.யிடம் விவரம் தருவார். 'கொடுக்கலாம்', 'தாமதம்', 'மறுப்பு' என மூன்றில் ஒரு பதில் வரும். பெரும்பாலும் சில நிமிடங்களில் வந்துவிடும். 'தாமதம்' என்று வந்து மூன்று வேலைநாள் கழிந்தும் முடிவு வராவிட்டால், கடைக்காரர் விருப்பப்பட்டால் கொடுத்துவிடலாம். 2015-இல் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றவன் இந்த மூன்று நாள் வழியாகத்தான் துப்பாக்கி வாங்கினான். இந்த ஓட்டை இன்னும் அடைக்கப்படவில்லை. என்னைக் கேட்டால், முதலில் அடைக்க வேண்டியது இதுதான்.

படிவம் கடைக்காரரிடமே இருக்கும். அவர் கடையை மூடினால் காகிதங்கள் மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க் நகரிலுள்ள மத்திய நிலையத்துக்குப் போகும். பெயரைத் தட்டினால் அவரிடம் எத்தனை துப்பாக்கி என்று காட்டும் கணினிப் பதிவேடு எங்கும் இல்லை. காங்கிரஸ் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறது.

படிவத்தின் அந்த முதல் கேள்வியில்தான் நல்ல மனிதர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். வர்ஜீனியாவைச் சேர்ந்த ஆப்ராம்ஸ்கி முன்னாள் போலீஸ்காரர். தனக்குத் தள்ளுபடி கிடைக்கும் என்று எண்ணி, தன் மாமாவுக்காக ஒரு க்ளாக் கைத்துப்பாக்கி வாங்கினார். மாமா முன்னதாகவே 400 டாலருக்குக் காசோலை அனுப்பியிருந்தார். மாமாவும் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியானவர்தான். அவருக்கும் முறையாகச் சோதனை நடத்தித்தான் துப்பாக்கி கைமாறியது. ஆனால் 'உண்மையில் வாங்குகிறவர் நான்தான்' என்று படிவத்தில் குறித்தது பொய் என்று வழக்கானது. 2014-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தண்டனையை உறுதி செய்தது. பரிசாகக் கொடுப்பதற்குச் சட்டம் இடம் தருகிறது, மற்றவர் காசில் அவருக்காக வாங்கித் தருவதற்கு இடமில்லை. மச்சான், மாப்பிள்ளை என்று ஒருவருக்கொருவர் பொருள் வாங்கித் தந்தே பழகிய நம்மவர்கள் இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்தவருக்காக வாங்குவதையே தனிக் குற்றமாக்கி 15 ஆண்டு வரை சிறை விதிக்கும் பிரிவு 2022-இல் வந்துவிட்டது.

கஞ்சா விஷயமும் அப்படித்தான். பல மாநிலங்களில் கடையிலேயே விற்கிறார்கள். ஆனால் மாநிலம் அனுமதித்தாலும் மத்திய சட்டப்படி அது குற்றமே என்று 4473 படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். 2024-இல் அன்றைய அதிபரின் மகன் ஹன்டர் பைடன் குற்றவாளி என்று தீர்ப்பானது இந்தப் படிவத்தில் போதைப்பழக்கம் பற்றிப் பொய் சொன்னதற்காகவும், அந்த நிலையில் துப்பாக்கி வைத்திருந்ததற்காகவும்தான். பிறகு தந்தையே மன்னிப்பு வழங்கினார். மற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை.

இனி, மாறி மாறி வந்த விதிகளுக்கு வருகிறேன். 2017 அக்டோபர் 1 இரவு, லாஸ் வேகாஸில் ஓட்டலின் 32-ஆம் மாடியிலிருந்து ஒருவன் இசை விழாக் கூட்டத்தின் மீது சுமார் பத்து நிமிடங்கள் சுட்டான். பிறகு காயத்தால் இறந்தவர்களையும் சேர்த்து 60 பேர் மாண்டார்கள். அவனுடைய ரைஃபிள்களில் 'பம்ப் ஸ்டாக்' என்ற துணைப்பொருள் மாட்டியிருந்தது. தோளில் வைக்கும் கட்டைக்குப் பதிலாகப் பொருத்துவது. சுட்ட வேகத்தில் துப்பாக்கி பின்னால் போய் முன்னால் வரும்போது, அசையாமல் வைத்திருக்கும் விரலில் விசை தானாக வந்து இடிக்கும். ஒவ்வொரு இடிக்கும் ஒரு குண்டு. இயந்திரத் துப்பாக்கி போலவே படபடவென்று வெடிக்கும்.

துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான ஏ.டி.எஃப்., அதுவரை பத்து முறைக்கு மேல் வெவ்வேறு கடிதங்களில் 'இது இயந்திரத் துப்பாக்கி அல்ல' என்று சொல்லியிருந்தது. வேகாஸுக்குப் பிறகு நாடே கொதித்தது. காங்கிரஸ் சட்டம் இயற்றியிருக்க வேண்டும், இயற்றவில்லை. டிரம்ப் அரசு, ஏ.டி.எஃப். மூலம் பழைய சட்டத்துக்குப் புது விளக்கம் கொடுத்தது. பம்ப் ஸ்டாக் என்பது இயந்திரத் துப்பாக்கியே, 2019 மார்ச் 26-க்குள் அழித்துவிடுங்கள் அல்லது ஒப்படைத்துவிடுங்கள் என்றது. நாட்டில் 5.2 லட்சம் வரை இருக்கலாம் என்பது அரசின் மதிப்பீடு. நஷ்ட ஈடு கிடையாது. எங்கள் ரேஞ்சுக்கு வரும் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் தன்னுடையதை ரம்பத்தால் அறுத்து, அறுத்த துண்டுகளைப் படம் எடுத்துத் தேதியோடு கவரில் போட்டு வைத்தார். "நாளைக்கு எவனாவது வந்து கேட்டால் காட்ட வேண்டும் அல்லவா?" என்றார்.

எங்கள் ஆஸ்டின் நகரிலேயே துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் மைக்கேல் கார்கில், தன்னிடமிருந்த இரண்டை அரசிடம் ஒப்படைத்துவிட்டு வழக்குப் போட்டார். 2024 ஜூன் 14-இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1934 சட்டம் 'விசையின் ஒரே இயக்கத்தால்' பல குண்டுகள் வெளிவர வேண்டும் என்கிறது, பம்ப் ஸ்டாக்கில் ஒவ்வொரு குண்டுக்கும் விசை தனித்தனியாக இயங்குகிறது, ஆகவே ஏ.டி.எஃப். தன் அதிகாரத்தை மீறியது என்றார் நீதிபதி தாமஸ். காங்கிரஸ் நினைத்தால் தடை செய்யலாம் என்று நீதிபதி அலிட்டோ தனியே எழுதினார். காங்கிரஸ் இன்றுவரை செய்யவில்லை. பல மாநிலங்கள் தம் அளவில் தடை செய்திருக்கின்றன. லாரி ஓட்டுநரின் கவரில் துண்டுகள் மட்டும் இருக்கின்றன.

அடுத்தது என் பெட்டியிலேயே இருந்தது. 'பிரேஸ்' என்பது கைத்துப்பாக்கியின் பின்புறம் மாட்டும் ரப்பர், பிளாஸ்டிக் பாகம். ஒட்டுப்பட்டை ஒன்று இருக்கும். முழங்கைக்குக் கீழே சுற்றிக் கட்டிக்கொண்டால், கனமான ஏ.ஆர். கைத்துப்பாக்கியை ஒரே கையால் நிலையாகப் பிடிக்கலாம். உடல் குறைபாடுள்ள முன்னாள் ராணுவ வீரர்களை மனதில் வைத்து உருவானது. 2012-இல் ஏ.டி.எஃப். அனுமதித்தது. ஆனால் அதைக் கையில் கட்டாமல் தோளில் வைத்தும் சுட முடியும். பெரும்பாலோர் அப்படித்தான் சுட்டார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தோளில் வைத்துச் சுடுவதற்கென்று செய்தால் அது ரைஃபிள். குழல் பத்தரை அங்குலம் என்றால் குட்டைக் குழல் ரைஃபிள். அந்தக் கால் அங்குலக் கணக்கு இங்கே வந்து நிற்கிறது.

2023 ஜனவரியில் பைடன் அரசின் ஏ.டி.எஃப். புதிய விதி வெளியிட்டது. பிரேஸின் பின்பகுதி எவ்வளவு அகலம், துப்பாக்கியின் எடை என்ன, எப்படி விளம்பரம் செய்தார்கள் என்று பலவற்றையும் பார்த்து, அது ரைஃபிளா இல்லையா என்று முடிவு செய்வார்களாம். மே 31-க்குள் பதிவு செய்தால் 200 டாலர் வரி தள்ளுபடி. அல்லது பிரேஸைக் கழற்று, நீளக் குழல் மாட்டு, ஒப்படை, அழி. நான் கழற்றினேன். நாட்டில் 30 லட்சம் பிரேஸ்கள் இருக்கலாம் என்று அரசே சொன்னது. பதிவுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர்.

கெடுவுக்குச் சில நாள் முன்னால் நீதிமன்றங்கள் இடைக்காலத் தடை கொடுக்கத் தொடங்கின. அந்தத் தடை எல்லோருக்கும் அல்ல, வழக்குப் போட்டவர்களுக்கும் வழக்குப் போட்ட சங்கங்களின் உறுப்பினர்களுக்கும் மட்டும். அந்த ஜூன் மாதம் ரேஞ்சில் பக்கத்துப் பக்கத்து மேடையில் நின்ற இருவரிடம் ஒரே மாதிரித் துப்பாக்கி. ஒருவர் ஒரு சங்கத்துக்குச் சந்தா கட்டியவர், அவர்மீது விதி பாயாது. மற்றவர் கட்டாதவர், அவர் சிறைக்குப் போகலாம். இதை நான் நேரில் பார்த்தேன். மேற்பார்வை செய்கிற நான் யாரிடம் எதைச் சொல்வது? நவம்பரில் விதி நாடு முழுவதும் நிறுத்தி வைக்கப்பட்டது. 2024 ஜூன் 13-இல் டெக்ஸஸ் மத்திய நீதிமன்றம் அதை அடியோடு ரத்து செய்தது. ஆனால் பயந்து, அல்லது சட்டத்தை மதித்து, பதிவு செய்தவர்களின் துப்பாக்கிகள் குட்டைக் குழல் ரைஃபிள் என்றே பதிவேட்டில் ஏறிவிட்டன. அந்தப் பதிவோடு வைத்திருக்கிறவர் அதை வேறு மாநிலத்துக்கு எடுத்துப்போக ஏ.டி.எஃப்.-இடம் முன்அனுமதி வாங்க வேண்டும். பதிவே செய்யாதவருக்கு அந்தத் தொல்லை இல்லை. சொன்னதைக் கேட்டவர் கூடுதல் சுமை சுமக்கிறார்.

எல்லா விதியும் நீதிமன்றத்தில் விழுவதில்லை. வரிசை எண் இல்லாமல், உதிரிப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே கோத்துக்கொள்ளும் 'பேய்த் துப்பாக்கி'களுக்கு எண்ணும் பின்னணிச் சோதனையும் வேண்டும் என்ற 2022 விதியை, 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 7-2 என்று ஏற்றது. குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடை உத்தரவுக்கு உள்ளானவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டத்தை 2024-இல் ராஹிமி வழக்கில் 8-1 என்று காப்பாற்றியது. ஆனால் அதே நீதிமன்றத்தின் 2022 புரூயன் தீர்ப்புக்குப் பிறகு, எந்தத் துப்பாக்கிக் கட்டுப்பாடும் அமெரிக்க வரலாற்று மரபோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பிரிவும் புதிதாக வழக்கு மன்றம் ஏறுகிறது.

காங்கிரஸ் தானே எழுதிய சட்டம் ஒன்று இந்தக் காலத்தில் வந்தது. 2022 மே 24-இல் எங்கள் மாநிலத்தின் யுவால்டி ஊரில், தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். கொன்றவனுக்கு 18 வயது நிறைந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அந்த நாள்களுக்குள்ளேயே இரண்டு ரைஃபிள் வாங்கிவிட்டான். அடுத்த நாள்களில் எங்கள் ரேஞ்சில் யாருக்கும் சுட மனமில்லை. ஒரு மாதத்தில், ஜூன் 25 அன்று, இரு கட்சியும் சேர்ந்து நிறைவேற்றிய சட்டத்தில் பைடன் கையெழுத்திட்டார். 21 வயதுக்குக் கீழ் உள்ளவர் வாங்கினால் அவருடைய சிறார் காலப் பதிவுகளையும் சோதிக்கலாம், தேவைப்பட்டால் பத்து வேலைநாள் வரை காத்திருக்கலாம். மணமாகாத காதலியை அடித்தவருக்கும் தடை. லாப நோக்கத்தோடு தொடர்ந்து விற்கிறவர் கடை உரிமம் எடுத்தாக வேண்டும். இந்தச் சட்டத்தை மனமார ஆதரிக்கிறேன். இது கட்சிச் சண்டையில் பிறக்கவில்லை. ஆட்சி மாறிய பிறகும் நிற்கிறது.

2025-இல் காற்று எதிர்ப்பக்கம் திரும்பியது. பிப்ரவரியில் அதிபர் டிரம்ப், முந்தைய ஆட்சியின் துப்பாக்கி விதிகளை எல்லாம் மறுபரிசீலனை செய்ய உத்தரவிட்டார். சிறு தவறுக்கும் கடை உரிமத்தை ரத்து செய்யும் 2021-இன் கடுமையான கொள்கை ஏப்ரலில் கைவிடப்பட்டது. ஜூலை 4-இல் கையெழுத்தான பெரிய வரிச் சட்டத்துக்குள், 1934-இன் 200 டாலர் வரியும் மாற்றப்பட்டது. 2026 ஜனவரி 1 முதல் சைலன்சர், குட்டைக் குழல் ரைஃபிள், குட்டைக் குழல் ஷாட்கன் ஆகியவற்றுக்கு வரி பூஜ்யம். இயந்திரத் துப்பாக்கிக்கும் வெடிகுண்டு வகைகளுக்கும் 200 டாலர் அப்படியே இருக்கிறது.

இதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். வரிதான் போயிற்று, பதிவு போகவில்லை. கைரேகை, புகைப்படம், படிவம், ஏ.டி.எஃப். ஒப்புதல் எல்லாம் வேண்டும். ஒப்புதல் வரும்வரை சைலன்சரைக் கடையிலிருந்து எடுத்துவரக் கூடாது. கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, நியூயார்க், இல்லினாய் உட்பட எட்டு மாநிலங்களில் சாதாரண மக்கள் சைலன்சர் வைத்திருக்கவே கூடாது. வரியே இல்லாதபோது, வரி அதிகாரத்தை வைத்து எழுதிய பதிவுச் சட்டம் எப்படி நிற்கும் என்று வழக்குகள் போட்டிருக்கிறார்கள். இன்னொன்று, சினிமாவில் காட்டுவதுபோல் சைலன்சர் மாட்டினால் சத்தமே வராது என்பது உண்மை இல்லை. காதைக் கிழிக்கும் ஓசை குறையும், அவ்வளவுதான். ரேஞ்சில் நாள் முழுதும் நிற்கிறவன் என்ற முறையில் அந்தக் குறைவை வரவேற்கிறேன்.

இத்தனையும் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஒரு பொருள் ஆபத்தானது என்றால், மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் எழுந்து நின்று வாக்களித்து, எல்லோருக்கும் புரியும் சொல்லில் அதைத் தடை செய்ய வேண்டும். பம்ப் ஸ்டாக்கை அப்படித் தடை செய்தால் நான் ஆதரிப்பேன். அதைச் செய்யாமல், தொண்ணூறு ஆண்டுப் பழைய சட்டத்துக்கு ஆட்சிக்கு ஒரு பொருள் சொல்வது இரண்டு தரப்பையும் ஏமாற்றுகிறது. வேகாஸில் பிள்ளையை இழந்த தாய்க்கு ஐந்தே ஆண்டு நின்ற விதி கிடைத்தது. விதியை மதித்தவருக்கு அறுத்த பிளாஸ்டிக் துண்டு கிடைத்தது. இந்தச் சண்டையில் பெரிய விஷயம் கண்ணில் படாமலே போகிறது. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கைத்துப்பாக்கி விற்கும்போது கூடவே ஒரு பூட்டும் தர வேண்டும் என்று மத்திய சட்டம் கடைக்காரரிடம் சொல்கிறது. அதைப் பூட்டிவைக்க வேண்டும் என்று வாங்கியவரிடம் சொல்லவில்லை. அகலத்தையும் அங்குலத்தையும் அளந்த நேரத்தில் பாதியை இதற்குச் செலவிட்டிருந்தால் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் உயிரோடு இருப்பார்கள்.

இவ்வளவு மாற்றத்துக்கு நடுவே 1998 முதல் மாறாத ஒரு விதி உண்டு. நம்மவர்களை நேராகத் தொடுவது அதுதான். குடியேற்ற உரிமையில்லாத தற்காலிக விசாவில் அமெரிக்காவுக்கு வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. எச்-1பி, எல்-1, மாணவர் விசா, அப்பா அம்மா வரும் சுற்றுலா விசா எல்லாம் இதில் அடங்கும். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. 'வைத்திருப்பது' என்பதற்குச் சொந்தமாக வாங்குவது என்று மட்டும் பொருள் இல்லை. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து அரை மணி நேரம் கையில் பிடித்தாலும் வைத்திருப்பதுதான்.

ஹமித் ரெஹாயிஃப் என்ற மாணவர் ஃபுளோரிடாவில் மதிப்பெண் குறைந்து கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். விசாத் தகுதி போயிற்று. அதன் பிறகு ஒரு ரேஞ்சுக்குப் போய், தோட்டா வாங்கி, துப்பாக்கி வாடகைக்கு எடுத்துச் சுட்டார். 18 மாதச் சிறை. தன் தகுதி போனது அவருக்குத் தெரியும் என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று சொல்லி, தண்டனையைத் தள்ளியது. அதற்குள் பல ஆண்டுகள் போய்விட்டன. இந்தக் குற்றத்துக்கான உச்ச தண்டனையை 2022 சட்டம் பத்திலிருந்து 15 ஆண்டாக உயர்த்தியது. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாட்டைவிட்டு அனுப்பவும் சட்டம் உண்டு.

விலக்கு ஒன்று இருக்கிறது. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. டெக்ஸஸில் வேட்டை உரிமம் வாங்குவது எளிது. ஆனால் "நண்பன் வாங்கினான், எனக்கும் செல்லும்" என்று யாரும் நினைக்க வேண்டாம். உரிமம் உங்கள் பெயரில், உங்கள் கையில் இருக்க வேண்டும்.

சனிக்கிழமைதோறும் யாராவது ஒரு தம்பி போனில் கேட்கிறார்: "அண்ணா, ஆபீஸ்ல எல்லாரும் ரேஞ்சுக்குப் போறாங்க, நானும் வரலாமா?" ஊரிலிருந்து வந்த அப்பாவை அழைத்துவந்து, கையில் துப்பாக்கி கொடுத்துப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்களும் உண்டு. எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்கிறேன், உங்களுக்கும் அதையே சொல்கிறேன். வாருங்கள், தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். விசாவில் இருக்கும்வரை, உங்கள் பெயரில் வேட்டை உரிமம் இல்லாமல், யார் நீட்டினாலும் துப்பாக்கியைக் கையில் வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால், வருவதற்கு முன்பே ஒரு குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள்.